முன் அனுமதி பெற்ற தப்புகள்

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை வந்தால் போதும், அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிடும், மீதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்குத்தான் அனுபவப் பகிர்வு. வகுப்பில் தாங்கள் கண்டுபிடித்த யோசனைகளை ஆசிரியர்கள் மனமுவந்து ஒருவருக்கொருவர் சொல்லி, அதனால் எல்லோரும் தொழிலில் ஒரு படி மேலே போக வேண்டும் என்பது ஏற்பாடு. ‘மனமுவந்து’ என்ற சொல்லைத் தலைமையாசிரியர் சுற்றறிக்கையில் அடிக்கோடிட்டிருந்தார். வராதவர்களுக்கு அரைநாள் விடுப்பு கழியும் என்பதையும் அதே பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார்.

கூட்டம் நடப்பது நூலகத்தில். அலமாரிச் சாவி தொலைந்து வெகுநாள் ஆனதால் அந்த அறையில் வேறு எதுவும் நடப்பதில்லை. நாற்காலிகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கியவை. வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அந்தக் கோலத்தில் உட்கார்ந்துதான் அவர்கள் மாதாமாதம் முன்னேறிக்கொண்டிருந்தார்கள்.

“பகிர்வுங்கறது மனசுலேர்ந்து தானா வரணும்” என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். “தானா வரலைன்னா நான் வரவழைப்பேன்.”

ஒருவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் மூன்று தடவை கைதட்ட வேண்டும். கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் பகிர்ந்தவர் மனம் புண்படுமாம். பள்ளிக்கூடம் என்று பேர், உள்ளே கேள்வி கேட்கத் தடை. யாரிடம் போய்ச் சொல்வது?

உடற்பயிற்சி ஆசிரியரை எல்லோரும் விசில் சார் என்பார்கள். அவர் விவரமான ஆள். புரிந்தால் பச்சை அட்டை, புரியாவிட்டால் சிவப்பு அட்டை தூக்கச் சொல்வது என்று ஒரு யோசனையை முதல் வருஷமே பகிர்ந்தார். அடுத்த மாதம் பச்சைக்குப் பதில் நீலம். அதற்கடுத்த மாதம் மஞ்சள். வானவில் தீர்ந்த பிறகு மறுபடியும் பச்சைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் மூன்று கைதட்டல் தவறாமல் விழுந்தது.

அறிவியல் டீச்சருக்குத்தான் இந்தச் சாமர்த்தியம் வரவில்லை. பாடத்தைச் சொல்வாள், புரிந்ததா என்று கேட்பாள், புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்வாள். போன வருஷம் அவள் முறை வந்தபோது இதையே எழுந்து நின்று சொன்னாள்.

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “அதெல்லாம் சரிம்மா, இதுல யோசனை எங்கே இருக்கு?” என்று கேட்டார். கைதட்டல் ஒன்றோடு நின்றுபோனது. ‘பகிர்வில் ஆர்வம் குறைவு’ என்று மேலிடத்துக்கு ஒரு வரியும் போனது. இந்த முறையும் சொதப்பினால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு.

“ஏதாவது நீளமா ஒரு பேரு வைச்சுடு. உள்ளே என்ன இருக்குன்னு எவன் பார்க்கப் போறான்?” என்றான் வீட்டுக்காரன். அவன் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மேலே முகவரி சரியாக இருந்தால் உள்ளே செங்கல் இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுப்பவன்.

ஆனால் அவளுக்குப் பேர் வைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் கையோடு போய் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அது கணக்கு டீச்சரின் இடம். அவள் மட்டும் அன்றைக்கு நிஜமாகவே உடம்புக்காக அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். எதற்கு என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கணக்கு டீச்சர் அவளைவிடச் சில வருஷம் மூத்தவள். இவள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நாள் முன்பு பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்து அக்கா கேட்டாள்: “என்ன நம்பர்டி அது?”

“இவ்ளோ பெருசா எழுதியிருக்கு, தெரியலையாக்கா?”

அக்கா சிரிக்கவில்லை. “ஓரமெல்லாம் தெரியுதுடி. நடுவுல மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. உன்னை நேராப் பார்த்தா உன் மூஞ்சி காணாமப் போயிடுது. காதுப்பக்கம் பார்த்தாத்தான் நீ வர்றே.” பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: “ஊசி போடறாங்க. இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாமாம், போனது போனதுதானாம். வெளியே தெரிஞ்சா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி வீட்டுல உட்கார வைச்சுடுவாங்க. ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். அந்தப் பிள்ளைங்க சத்தம் இல்லைன்னா நான் செத்துடுவேன்டி. யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா” என்றாள் அறிவியல் டீச்சர். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அக்காவின் ஆறாம் வகுப்பைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஆய்வுக்கூடத்துக்கும் அந்த வகுப்புக்கும் நடுவே பாதி உயரத்துக்கு மரத்தடுப்புதான். அக்கா புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக் கணக்கைப் போர்டில் எழுதுவாள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விழும். உடனே முன் பெஞ்சு வாயாடி ஒருத்தி, “பிடிச்சாச்சு டீச்சர்! அது எட்டு!” என்று கத்துவாள். “கெட்டிக்காரி! பார்க்கறியா இல்லையான்னு பார்த்தேன்” என்பாள் அக்கா. வகுப்பே சிரிக்கும். அடுத்த வரியில் இன்னொரு தப்பு, இன்னொரு ‘பிடிச்சாச்சு’. ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்பியதில்லை.

“அடுத்து அறிவியல் டீச்சர்” என்றார் தலைமையாசிரியர்.

எழுந்தாள். எல்லோரும் முழங்கால்களுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். அந்த மூடி கழன்ற சத்தத்தில்தான் அவள் வாய் திறந்தது.

“நான்... போர்டுல வேணும்னே தப்பு பண்ணுவேன் சார். எட்டு எழுத வேண்டிய இடத்துல மூணு எழுதுவேன். பசங்க கண்டுபிடிப்பாங்க. கண்டுபிடிச்சவங்களைக் கெட்டிக்காரின்னு சொல்லுவேன். அதனால யாரும் போர்டுலேர்ந்து கண்ணை எடுக்க மாட்டாங்க சார்.”

அறிவியல் பாடத்தில் எட்டும் மூன்றும் எங்கிருந்து வந்தன என்று விசில் சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது, அவர் வாயைத் திறக்கவும் திறந்தார். கேள்வி கேட்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். மூன்று கைதட்டல் என்ற விதியை அவரே மீறி நாலாவதாகவும் ஒன்று தட்டினார்.

உட்கார்ந்தாள். பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. அங்கே ஒருத்தி கண்ணில் ஊசி குத்திக்கொண்டு வலியோடு படுத்திருக்க, இங்கே அவளுடைய கண் போன கதையைத் தன் கெட்டிக்காரத்தனமாக விற்றுவிட்டோமே, சீ, என்ன பிறவி நான், என்று நினைத்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரன், “நாலு கைதட்டல் வாங்கினவ மூஞ்சியா இது?” என்று கேட்டான்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னடி, கூட்டத்துல தூள் கிளப்பிட்டியாமே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

“வேணும்னே தப்பு பண்றதாமே.” அக்கா அவள் காதுப்பக்கமாகப் பார்த்தாள். “என்னைப் பார்த்தா சொன்னே?”

“ஐயோ, இல்லக்கா! எங்கேயோ படிச்சேன்.”

“அப்பாடா. நீ போய் அப்படிச் செய்வியான்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன் போ.”

அக்கா அவள் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தட்டு அன்று முழுவதும் தோளில் வலித்தது.

இதோடு போயிருந்தால் ஒரு மன உறுத்தலோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நாலு கைதட்டல் வாங்கிய யோசனையைச் சும்மா விடுவார்களா? மேலிடத்திலிருந்து பயிற்சி அதிகாரி ஒருவர் வந்தார். சுவரில் ஸ்லைடு ஓடாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. அதனால் ஸ்லைடு சார் என்று பேர். மின்சாரம் போனால் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, வந்த பிறகு அதே இடத்திலிருந்து தொடர்வார்.

ஸ்லைடு சார் அந்த யோசனைக்கு ‘நோக்கமுடைய பிழைவழிக் கற்பித்தல்’ என்று பேர் வைத்தார். பேர் வைத்த பிறகு அது யோசனை இல்லை, திட்டம். அறிவியல் டீச்சர் டீச்சர் இல்லை, கருத்தாளர். அவளை ஊர் ஊராக அழைத்துப்போய் மேடையில் ஏற்றினார்கள். மற்ற பள்ளி ஆசிரியர்கள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எப்படித் தப்பு செய்வது என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ‘இது என்னுடையது இல்லை’ என்று ஒவ்வொரு மேடையிலும் தொண்டை வரை வரும். அதைச் சொன்னால் ‘பின்னே யாருடையது?’ என்பார்கள். அக்காவைக் கைகாட்டினால் கண்ணைக் கைகாட்டியது மாதிரி. விழுங்கிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவாள்.

ஒரு சுவர்க் கடிகாரமும் சான்றிதழும் கொடுத்தார்கள். கடிகாரம் கால் மணி நேரம் பின்னால் ஓடியது. “இதுவும் வேணும்னேதானா?” என்றான் வீட்டுக்காரன். அவள் எரிந்து விழுந்தாள். அவன் பாவம், எதற்கு என்றே தெரியாமல் முழித்தான்.

திட்டம் வளர்ந்தது. ஒரு பாடவேளைக்கு ஒரு பிழை கட்டாயம். கீழ் வகுப்புகளுக்குச் சிறிய பிழை, மேல் வகுப்புகளுக்குப் பெரிய பிழை. ஆய்வுக்கூடத்தில் அமிலம் சம்பந்தமான பிழைகள் கூடாது என்று, ஒரு பள்ளியில் கூரை போன பிறகு, ஒரு திருத்தம் வந்தது. பயிற்சிக்கு எல்லோரும் முப்பத்தொன்றாம் தேதி வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த மாதத்துக்கு முப்பதே நாள். கேட்கலாமா கூடாதா என்று ஆசிரியர்கள் குழம்பி, முப்பதுக்கு மறுநாளான ஒன்றாம் தேதி போய்ப் பூட்டிய அரங்குக்கு முன்னால் நின்றார்கள். அது வேண்டுமென்றே செய்த பிழை, அதைச் சுட்டிக்காட்டாத ஆசிரியர்கள் விளக்கம் தர வேண்டும் என்று அடுத்த வாரம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஏழாம் வகுப்பில் ஒருவன் பரீட்சைத் தாளில் எல்லா விடையையும் தப்பாக எழுதிவிட்டு, ‘வேணும்னே எழுதினது, கண்டுபிடியுங்கள்’ என்று கீழே குறிப்பு போட்டிருந்தான். அவனுக்கு மதிப்பெண் போடுவதா, பாராட்டுக் கடிதம் கொடுப்பதா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் அறிவியல் டீச்சருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஊரே தப்பு செய்யும்போது அக்காவின் தப்பு யார் கண்ணிலும் படாது. நினைத்துச் செய்யாவிட்டாலும் அக்காவுக்கு ஒரு நல்லதைத்தான் செய்திருக்கிறோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். குற்றம் செய்த மனசு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத்தானே பார்க்கும்.

அந்த ஆறுதலிலும் மண் விழுந்தது. ஆசிரியர்கள் இஷ்டத்துக்குத் தப்பு செய்கிறார்கள், எது திட்டத் தப்பு எது சொந்தத் தப்பு என்று பிரிக்க முடியவில்லை என்று மேலிடத்துக்குப் புகார் போனதாம். இனிமேல் என்ன தப்பு செய்யப்போகிறோம் என்பதைப் பாடக்குறிப்பில் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற தப்பை மட்டும் செய்ய வேண்டும். வகுப்புகளைப் பார்வையிட ஸ்லைடு சாரே வருவார்.

முதலில் யார் வகுப்புக்குப் போவது என்று தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. “கணக்கு டீச்சர் வகுப்புக்கு வாங்க சார். பிள்ளைங்க பிழை பிடிக்கற அழகைப் பார்த்தா அசந்துடுவீங்க” என்றார்.

அக்காவின் பாடக்குறிப்பில் ஒரு தப்பு எழுதி ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. அதை எழுதிக் கொடுத்தவளே அறிவியல் டீச்சர்தான். “நாளைக்கு மட்டும் சமாளிச்சுடுக்கா. சின்னதா ஒரே ஒரு கணக்கு போடு. மனப்பாடம் பண்ணிடு” என்று கெஞ்சினாள்.

“என்னடி இவ்ளோ பதறுறே? உனக்கா பரீட்சை, எனக்கா?” என்றாள் அக்கா.

மறுநாள் ஸ்லைடு சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் கருத்தாளர் என்ற முறையில் அறிவியல் டீச்சர். அக்கா மனப்பாடம் செய்த கணக்கைப் பிசகில்லாமல் எழுதி, ஒப்புதல் பெற்ற தப்பையும் அதன் இடத்தில் வைத்தாள். “பிடிச்சாச்சு!” என்றாள் வாயாடி. ஸ்லைடு சார் டிக் அடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடவேளை பாதிகூட முடியவில்லை. பிள்ளைகள் அடுத்த கணக்கு கேட்டார்கள், கேட்டால் அவளால் மறுக்க முடியாது. புத்தகத்தை எடுத்தாள்.

எழுதிய வரி மேலேயே அடுத்த வரி ஏறியது. ஆறு எட்டானது. கூட்டல் குறி பெருக்கல் ஆனது. வாயாடி ஒரு தடவைதான் “பிடிச்சாச்சு” என்றாள். பிறகு பின்னால் திரும்பி மூன்று பெரியவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பு முழுவதும் சத்தமே இல்லை. திருத்துவதற்கு ஒரு குரல் வரும் என்று அக்கா போர்டருகே காத்துக்கொண்டு நின்றாள். குரல் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்து மேலே மேலே எழுதிக்கொண்டே போனாள். அறிவியல் டீச்சருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது.

“பாருங்கம்மா” என்றார் ஸ்லைடு சார். அன்றைக்குக் கையில் ஸ்லைடு இல்லாததால் சுவரையே பார்த்துக்கொண்டு பேசினார். “தப்பு பண்றது பெரிய விஷயமே இல்லை. யார் வேணும்னாலும் பண்ணலாம். ஆனா முறையாப் பண்ணணும். நான் இந்தத் துறைக்கு வந்ததுலேர்ந்து எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன். ஒண்ணாவது மேலதிகாரி கையெழுத்து இல்லாம வெளியே போயிருக்கா?”

அக்கா அவருடைய காதுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஸ்லைடு சார் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லணும். வேணும்னே பண்ணியிருந்தா ஒப்புதல் இல்லாத பிழை. அதுக்கு நடவடிக்கை. வேணும்னு பண்ணலைன்னா எதனால வந்துச்சுன்னு மெடிக்கல் போர்டு பார்க்கும்.” அவர் அறிவியல் டீச்சர் பக்கம் திரும்பினார். “இதுல நிபுணர் நீங்கதான். நீங்களே சொல்லுங்க. வேணும்னே பண்ணினதா, தானா வந்ததா?”

அக்கா தலையைத் திருப்பினாள். இந்த முறை காதுப்பக்கம் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தாள். அப்படிப் பார்த்தால் தன் முகம் அவளுக்குத் தெரியாது என்பது அறிவியல் டீச்சருக்குத் தெரியும். தெரியாததே நல்லது என்று நினைத்தாள்.

“சார், அது அவங்க முறைதான் சார்” என்றாள். “இந்த யோசனையே என்னோடது இல்லை. அவங்க வகுப்பைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு என்னோடதுன்னு கூட்டத்துல சொல்லிட்டேன். அன்னிக்கு அவங்க லீவு. நான் திருடினேன் சார். எல்லாத்தையும் ஆரம்பிச்சவங்க அவங்க. அவங்களுக்குப் போய் யாரு சார் ஒப்புதல் கொடுக்கறது?”

சொல்லிவிட்டாள். கண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பிடுங்கட்டும், சான்றிதழைக் கிழிக்கட்டும், எந்தக் காட்டுக்கு வேண்டுமானாலும் மாற்றட்டும் என்று தலையைக் குனிந்து நின்றாள். திட்டு விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

தலைமையாசிரியர் மேசையை ஓங்கித் தட்டினார். “பார்த்தீங்களா சார்! நான் சொன்னேனா இல்லையா! இத்தனை வருஷமா இந்தப் பகிர்வுக் கூட்டம் நடத்தறோம். ஒரு ஆசிரியர்கிட்டேர்ந்து இன்னொரு ஆசிரியருக்கு ஒரு யோசனை போய்ச் சேர்ந்ததுக்கு இதுதான் முதல் ஆதாரம்!”

“திருடினேன்னு சொல்றேன் சார்” என்றாள் அறிவியல் டீச்சர்.

“அதைத்தாம்மா நாங்க பகிர்வுங்கறோம்” என்றார் ஸ்லைடு சார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “இப்படி ஒருத்தரை நாம வகுப்பறையில வைச்சு வீணடிக்கலாமா? தலைமை அலுவலகத்துல பிழை ஒப்புதல் குழுவுக்குத் தலைவரே இல்லை. எல்லாப் பள்ளிப் பாடக்குறிப்பும் மூட்டை மூட்டையா வந்து கிடக்கு. கணக்கு டீச்சரம்மா நாளையிலேர்ந்து அங்கே வந்துடட்டும். ரிட்டயர் ஆகற வரைக்கும் வகுப்புத் தொல்லையே கிடையாது.”

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். படி வந்ததும் வழக்கம்போல அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கே என்ன வேலைடி எனக்கு?”

“பாடக்குறிப்பு வரும்கா. அதுல எழுதியிருக்கற தப்பெல்லாம் சரியா இருக்கான்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போடணும்.”

“படிச்சுப் பார்த்தா?” அக்கா நின்று, வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. “எங்கேயோ படிச்சேன்னியேடி.”

“அக்கா, என்னை ரெண்டு அறை அறைஞ்சுடு.”

“எங்கேன்னு பார்த்து அறையறது? உன் மூஞ்சிதான் எனக்குத் தெரியலையே.” கையை மட்டும் விடவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் பிடித்துக்கொண்டேதான் வந்தாள். பஸ் வந்ததும் நம்பரைக் கேட்டாள். அறிவியல் டீச்சர் சொன்னாள்.

அக்கா அந்த அலுவலகத்தில் பெரிய பேர் எடுத்துவிட்டாள் என்று கேள்வி. கொண்டுவந்து வைக்கிற மூட்டையில் எதையும் நிறுத்தி வைப்பதில்லை, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. காட்டுகிற இடத்தில் கையெழுத்து. இவ்வளவு வேகமான அதிகாரியை இதுவரை பார்த்ததில்லை என்று ஸ்லைடு சார் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறாராம். அவள் அறை கட்டடத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே சத்தமே இருக்காதாம்.

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லாததால் அறிவியல் டீச்சரைப் போகச் சொன்னார்கள். முதல் நாள் போர்டில் ஒரு கணக்கை எழுதினாள். கைவசம் ஒப்புதல் பெற்ற தப்பு ஒன்று இருந்தது. அடியில் கையெழுத்து போட்டிருந்தது அக்கா. எட்டு எழுத வேண்டிய இடத்தில் மூன்று எழுதிவிட்டு நகர்ந்து நின்றாள்.

ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன, யாருக்கும் தப்பு தெரியலையா?”

முன் பெஞ்சு வாயாடி எழுந்தாள். “தெரியுது டீச்சர்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“உங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே டீச்சர். நீங்களே பார்த்துக்கலாமே.”

அறிவியல் டீச்சர் சாக்பீஸோடு முன் பெஞ்சுக்கு வந்தாள்.

“கணக்கு டீச்சருக்குத்தான் நேரா இருக்கறது தெரியாது” என்றாள் வாயாடி. “அதனாலதான் நாங்க சத்தமாச் சொல்லுவோம். அன்னிக்கு வெளியேர்ந்து பெரிய சார் வந்தப்போ நான் பிடிச்சாச்சுன்னதும் அவர் ஏதோ எழுதினாரா, அதான் பயந்து நிறுத்திட்டோம். நிறுத்தினதுனாலதான் டீச்சரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா, டீச்சர்?”

“இல்லைம்மா” என்றாள் அறிவியல் டீச்சர். “உங்களால இல்லை.” பிறகு கேட்டாள்: “இது உங்க எல்லாருக்கும் தெரியுமா?”

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. கடைசி பெஞ்சுகூட ஆட்டியது.

“எவ்ளோ நாளா?”

“போன வருஷம் அஞ்சாவதுல எங்களுக்கு எடுத்தப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லலை டீச்சர், எங்க வீட்டுலகூடச் சொல்லலை.” வாயாடி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்.”

அறிவியல் டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றை அழித்துவிட்டு எட்டு எழுதினாள்.

“சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றாள்.